பழைய துப்பாக்கியைக் கைமாற்றுவது: கடையா, தனியாளா, வாரிசா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் பல வீடுகளில் அது தாத்தா காலத்துப் பொருளாகவே இருக்கிறது. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து ராகிக் கொல்லையில் பரண் கட்டிக் காவல் கிடந்த நாளில், பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ அது. இன்று கொல்லை குத்தகைக்குப் போய்விட்டது, பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள், துப்பாக்கி மட்டும் பீரோவுக்குள் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைத்துத் திரும்ப வாங்க வேண்டும், வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் சாவியைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் எதற்கு என்று தோன்றும்போதுதான் விற்கும் யோசனை வருகிறது. அப்போது முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு விற்பது, உரிமம் உள்ள ஒரு தனியாளுக்கு நேரடியாக விற்பது, வாரிசின் பெயருக்கு மாற்றுவது, அரசிடமே ஒப்படைத்துவிடுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமம் கிடைக்கக்கூடிய, பொறுப்புள்ள வாரிசு இருந்தால் மற்ற வழிகளை யோசிக்கவே வேண்டாம். அப்படி ஒருவர் இல்லை, கையில் இருப்பதும் சாதாரண இந்தியத் தயாரிப்பு 12 போர் (குழல் வாயளவின் பெயர்) துப்பாக்கி என்றால், விலை குறைந்தாலும் கடையே நல்லது. தனியாளிடம் போவது இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து பொருந்தும்போது மட்டுமே பயன் தரும்: கடை விலைக்கும் வெளி விலைக்கும் கணிசமான வித்தியாசம் இருக்க வேண்டும், வாங்குபவர் கையில் இன்றைய தேதியில் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். இதில் இரண்டாவது இல்லாதவரோடு பேச ஆரம்பித்தவர்கள்தான் பெரும்பாலும் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

எந்த வழியானாலும் சட்டத்தின் அடிப்படை ஒன்றே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு, வியாபார உரிமம் இல்லாத ஒருவரும் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆனால் உரிமம் தேவைப்படும் துப்பாக்கியாக இருந்தால், விற்கும் எண்ணத்தையும் வாங்கவிருப்பவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 45 நாட்களாவது கழிய வேண்டும். இந்தத் தகவலைத்தான் கீழே மனு என்றும், அதற்கு எழுத்தில் வரும் இசைவான பதிலை அனுமதி என்றும் சொல்கிறேன். பைக் விற்பதுபோல் வண்டியை இன்று கொடுத்துவிட்டு ஆர்.சி.யில் பெயரை அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. வாங்குபவர் தகுதியுள்ளவர்தானா என்று முன்கூட்டியே உறுதி செய்யாமல் ஆயுதத்தை அவர் கையில் கொடுப்பதையே 29-ஆம் பிரிவு தனிக் குற்றமாகச் சொல்கிறது. 5-ஆம் பிரிவை மீறி விற்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்ற அளவுக்குப் போகும். அதனால் "நாளைக்கே காசு, பேப்பர் பிறகு பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், பேச்சு அங்கேயே முடிய வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் காகிதத்தைப் பாருங்கள். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து பிரிந்தது; கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஒரு குடும்பத்தின் பழைய உரிமப் புத்தகத்தில் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று ஆட்சியர் அலுவலக முத்திரைகளும் அடுத்தடுத்து இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் கையால் எழுதிப் பெயர்த்த விவரங்கள்தான் இப்போது தேசிய ஆயுத உரிமத் தரவுத் தொகுப்பில் ஏறி, தனி அடையாள எண்ணோடு நிற்கின்றன. எங்கோ ஓர் இடத்தில் எண் பிசகியிருந்தால், அது வெளிப்படுவது பெரும்பாலும் விற்கும் நேரத்தில்தான்.

பாலக்கோடு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் இதை நேரில் பார்த்தேன். வாங்க வந்தவர் அவசரப்படாதவர். இரட்டைக்குழலை மடித்துத் திறந்து தோட்டா இல்லை என்று பார்த்தார். பிறகு முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்து, அடிப்பக்கத்தில் இருந்த எண்ணை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகும் கடைசி இலக்கம் தெளியவில்லை. பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துத் தேய்த்து, மேலே வழிந்ததைக் கட்டைவிரலால் வழித்துவிட்டதும், பள்ளத்துக்குள் வெள்ளை தங்கி 8 என்று பளிச்செனத் தெரிந்தது. உரிமத்தில் இருந்ததோ 3. "அண்ணா, இதைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, நான் வேற எதுவும் வாங்காம இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதுதான் சரியான வரிசை. விற்பனைக்கான மனுவைக் கொடுப்பதற்கு முன் திருத்தத்துக்கான மனுவைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இரண்டும் நிற்கும்.

இனி கடை. உரிமம் பெற்ற வியாபாரிகள் சேலம், கோவை, சென்னை போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர்தான் பக்கம். ஆனால் உங்கள் உரிமத்தின் எல்லை தமிழ்நாட்டோடு முடிகிறது என்றால், துப்பாக்கியோடு கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். இருபது ரூபாய் பஸ் தூரம்தானே என்று நினைத்துக் கிளம்பக் கூடாது. எந்தக் கடையாக இருந்தாலும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, அவரே விலை சொல்லி வாங்கிக்கொள்வது. மற்றொன்று, கடையில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, ஆள் வரும்போது அவர் மூலமாக விற்பது. இதில் அவருக்குத் தரகும், சில கடைகளில் மாதாந்திரக் காப்புக் கட்டணமும் போகும்.

முதல் முறையில் கிடைக்கும் விலை மனத்துக்கு ஒப்பாமல்தான் இருக்கும். அடிமாட்டு விலை என்று திட்டிக்கொண்டே வெளியே வருபவர்கள் உண்டு. கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொன்னது. யாராயிருந்தாலும் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு பழைய 12 போரைத்தான் கழிப்பார்கள். அந்த வகைத் துப்பாக்கிகளுக்குக் கடையில் பஞ்சமில்லை, கேட்டு வருபவர்தான் குறைவு. பீகாரின் முங்கேர் பட்டறைகளில் செய்த ஒற்றைக்குழலையோ அரசு ஆர்ட்னன்ஸ் (படைக்கல) தொழிற்சாலையின் இரட்டைக்குழலையோ நீங்கள் கொண்டுபோனால், அதை அவர் எத்தனை காலம் அலமாரியில் வைத்திருக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கில்தான் விலை சொல்வார்.

ஆனாலும் அந்தக் குறைந்த விலைக்குள் நீங்கள் வாங்கிக்கொள்ளும் ஒன்று இருக்கிறது: ஆளைப் பற்றிய கவலை உங்களுடையதல்ல என்ற நிலை. அவருடைய பதிவேட்டில் உங்கள் துப்பாக்கி ஏறுகிறது, உங்கள் உரிமத்தில் விற்பனை குறிக்கப்படுகிறது, ரசீது கையில் வருகிறது. நாளைக்கு அது யாரிடம் போனாலும் அந்த ஆளின் தகுதியைப் பார்ப்பது வியாபாரியின் கடமை. கடைக்கு விற்கிறோம் என்பதற்காக ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் தெரிவிக்காமல் இருந்துவிடக் கூடாது. அனுமதியின் நகலைக் கேட்காமல் வாங்கும் கடையில் விற்காமல் இருப்பதே உத்தமம். விற்பனைக்காக ஒப்படைக்கும் முறையில், ரசீதில் துப்பாக்கியின் எண், நிலை, நீங்கள் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச விலை, தரகு, காப்புக் கட்டணம் ஆகியவை எழுத்தில் இல்லையென்றால் ஒரு வருடம் கழித்துக் கட்டணமே விலையைத் தின்றிருக்கும்.

தனியாளுக்கு விற்பதில் லாபம் எங்கே இருக்கிறது என்றால், வெளிநாட்டுத் தயாரிப்புகளில். 1980-களின் நடுப்பகுதிக்குப் பிறகு தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வெப்லி ஸ்காட் ரிவால்வரோ கிரீனர் இரட்டைக்குழலோ நாட்டுக்குள்ளேயேதான் கைமாறிக்கொண்டிருக்க வேண்டும். அதன் விலை, பொருளின் வயதைப் பொறுத்ததல்ல. வேறு எங்கும் கிடைக்காது என்பதைப் பொறுத்தது. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வருக்கு அந்த நிலை இல்லை. புதிது தொழிற்சாலையில் கிடைக்கும்போது பழையதற்கு ஒரு மேல்வரம்பு தானாகவே விழுந்துவிடும். ஆகவே உங்களிடம் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல பெயருள்ள சீமைத் துப்பாக்கியைக் கடைக்காரர் சொன்ன முதல் விலைக்குக் கொடுப்பதும் தவறு; முங்கேர் ஒற்றைக்குழலைப் பரம்பரைப் பொக்கிஷம் என்று நினைத்துக்கொண்டு ஆள் தேடுவதும் வீண்.

பழைய சீமைத் துப்பாக்கியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவற்றில் பல, 65 மில்லிமீட்டர் நீளத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர். தோட்டா உள்ளே போய்விடும், குழலும் மூடிக்கொள்ளும், ஆனால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். முறுக்கிய இரும்புப் பட்டைகளால் செய்த, வரிவரியாகக் கோலம் தெரியும் பழங்காலக் குழல்களுக்கு இன்றைய மருந்து ஆபத்தானது. இதை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லிவிடுவது, அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் காப்பு.

வாங்க வருகிறேன் என்று சொல்பவர்களில் மிக அதிகம் பேர், உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பார்த்து வைக்க வருபவர்கள்தான். "அப்ளை பண்ணியிருக்கேன், அடுத்த மாசம் வந்துடும்" என்பது அவர்களின் வழக்கமான வார்த்தை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் அந்த வார்த்தையைச் சந்தேகப்படத் தனிக் காரணம் உண்டு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் கொடுப்பதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். அங்கே வசிப்பவரின் உரிமத்தைப் புதுப்பிப்பதற்கும் அந்தக் காப்பாளருக்குத் தகவல் போக வேண்டும். அஞ்செட்டி, உரிகம் வட்டாரத்திலிருந்து ஒருவர் வந்து புது உரிமம் அடுத்த மாதம் வந்துவிடும் என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய அடுத்த மாதம் எந்த வருடத்தில் வரும் என்று சொல்வது கடினம், அவ்வளவுதான். "உரிமம் வந்ததும் வாங்க, பேசுவோம்" என்று மரியாதையாக அனுப்பிவிடுவதே அவருக்கும் நல்லது.

உரிமம் இருப்பவர்களிலும் பார்த்துத்தான் பேச வேண்டும். ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் பதிவாகியிருந்தால் மூன்றாவது வாங்க முடியாது. போட்டிகளில் பங்கேற்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்குத் தனி விதிவிலக்குகள் உண்டு, அதற்கான ஆவணம் அவர்களிடம் இருக்கும். உரிமத்தில் எந்த வகைத் துப்பாக்கிக்கு அனுமதி என்று எழுதியிருக்கும். ரிவால்வருக்கு அனுமதி பெற்றவர் உங்கள் இரட்டைக்குழலை வாங்க வேண்டுமானால் முதலில் அதை மாற்றி எழுதிக்கொண்டு வர வேண்டும். துப்பாக்கி வாங்குவதற்கு உரிமத்தில் கொடுத்த காலக்கெடு முடிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் குடகு மக்களுக்கும் அங்குள்ள ஜம்மா எனும் பரம்பரை நில உரிமைக்காரர்களுக்கும் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மையே. அதைச் சொல்லிக்கொண்டு ஓசூர் வரை வருபவரிடம் விலக்குச் சான்றையும் அது எந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்ற விவரத்தையும் கேட்டு, இரண்டையும் உங்கள் மனுவோடு இணைத்துவிடுங்கள். முடிவை அலுவலகம் சொல்லட்டும்.

இன்னொரு வகை, ஒப்புக்கொண்டுவிட்டு இழுத்தடிப்பவர். இவரைப் புரிந்துகொள்ள 45 நாள் கணக்கைத் திரும்பவும் பார்க்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் தகவலில் வாங்குபவரின் பெயரும் முகவரியும் இருக்கிறது. அவர் நாற்பதாவது நாளில் விலகிக்கொண்டால், அடுத்த ஆளுக்குப் புதிதாகத் தகவல் கொடுத்துப் புதிதாக நாட்களை எண்ண வேண்டும். இது அவருக்கும் தெரியும். அதனால்தான் கடைசி வாரத்தில் போன் செய்து, "வீட்டில் செலவு வந்துடுச்சு, ஒரு பத்தாயிரம் குறைச்சுக்குங்க" என்பார். நீங்கள் அலைந்த அலைச்சலை நினைத்து இறங்கிவருவீர்கள் என்பது அவருடைய கணக்கு. பலர் இறங்கியும் வருகிறார்கள்.

இதற்கு மருந்து, மனு கொடுப்பதற்கு முன்பே முத்திரைத்தாளில் எழுதும் உடன்படிக்கைதான். வெறும் முன்பண ரசீது போதாது. துப்பாக்கியின் வகை, தயாரிப்பு, எண், ஒப்புக்கொண்ட முழு விலை, முன்பணம், மீதியை எந்த நாளில் எந்த வழியில் கொடுப்பது, இவற்றோடு, பிரிந்துபோகும் இரண்டு சூழ்நிலைகளையும் தனித்தனியாக எழுத வேண்டும். அதிகாரிகள் அனுமதி மறுத்தால் முன்பணம் முழுவதும் திரும்பும். வாங்குபவர் தானாக விலகினால் இன்ன தொகை விற்பவருக்கு நிற்கும். அந்தத் தொகை நியாயமான அளவில் இருக்கட்டும், முன்பணத்தைக் கொள்ளையடிக்கும் நோக்கில் எழுதினால் வழக்கில் நிற்காது. இப்படி எழுதக் கேட்டதும் "நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிப்பவரை நான் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறேன், ஒரு மாதம் கழித்து நடக்க வேண்டிய பிரிவு திண்ணையிலேயே நடந்துவிடுகிறது. உண்மையில் வாங்க வந்தவருக்கு இந்தக் காகிதம் அவருடைய முன்பணத்துக்கும் காப்பு என்பது உடனே புரிந்துவிடும்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். ஒரே பரிமாற்றத்துக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதற்குக் கீழே என்றாலும் ரொக்கத்துக்குச் சாட்சி கிடையாது. யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டேன் என்று காட்டப்படும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், உங்கள் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். காசோலை என்றால் பணமாகும் வரை துப்பாக்கி நகரக் கூடாது.

தரகர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் உரிமத்தையும் துப்பாக்கி எண்ணையும் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்பவருக்கு அனுப்பாதீர்கள். அந்தப் படம் எத்தனை கைக்குப் போகும் என்று தெரியாது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற செய்தி பரவுவதும் நல்லதல்ல. பொதுவான பழைய பொருள் விற்பனைத் தளங்களும் சமூக ஊடகங்களும் பெரும்பாலும் துப்பாக்கி விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. நம்பகமான ஆள் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவோ ரைபிள் கிளப் மூலமாகவோ கடைக்காரர் மூலமாகவோதான் வருகிறார்.

"ஒரு வெடி போட்டுப் பார்த்துக்கிறேன்" என்று கேட்பவர் கெட்டவர் அல்ல, நியாயமாகத்தான் கேட்கிறார். ஆனால் காட்டோரக் கொல்லையில் வெடிச் சத்தம் கேட்டால் வனத்துறை வந்து நிற்கும். வேட்டைக்கு இல்லை, சோதனைக்கு என்ற விளக்கத்தை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் இருவரும் சேர்ந்து பார்க்கலாம். குழலுக்குள் துரு குழி விழுந்திருக்கிறதா, மூடிய பின் குழல் ஆடுகிறதா, விசை தானாக விழுகிறதா என்பதை அவர் வெடிக்காமலேயே சொல்லிவிடுவார். தோட்டாக்களையும் சேர்த்துக் கேட்பவருக்கு, அதுவும் இதே விதிகளுக்கு உட்பட்டது என்பதை நினைவுபடுத்துங்கள். மனுவில் குறிப்பிடாத தோட்டா ஒன்றுகூட துப்பாக்கியோடு போகக் கூடாது. மிச்சத்தைக் கடையில் ஒப்படைப்பது எளிது.

வாரிசு வழிக்கு வருவோம். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்துவிட்டாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது, சட்டப்படியான வாரிசின் பெயருக்கு மாற்ற 2016 ஆயுத விதிகள் இடம் கொடுக்கின்றன. இங்கேயும் இரண்டு துப்பாக்கி வரம்பு பொருந்தும். மகனிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் அப்பாவுடையதைச் சேர்க்க முடியாது. வாரிசு 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், அவர் மீதான காவல்துறை அறிக்கை சுத்தமாக இருக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மை வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் பல வீடுகளில் முட்டுகிறது. நிலப் பங்கில் மனத்தாங்கலோடு இருக்கும் அண்ணன் தம்பிகள் இந்தக் கையெழுத்தில்தான் அதைத் தீர்த்துக்கொள்வார்கள். அப்பா திடமாக இருக்கும்போதே இதை முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம் அதுவே.

உரிமதாரர் இறந்துவிட்டால் நிலைமை வேறு. அந்த நாளிலிருந்து வீட்டில் இருப்பவர்கள் யாருக்கும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை இல்லை. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததால் கைவிட்டுப் போய்விடாது. வாரிசு உரிமம் பெற்றுத் திரும்ப எடுக்கலாம், அல்லது தகுதியுள்ளவருக்கு விற்றுப் பணத்தைப் பெறலாம். விதியில் சொன்ன காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால்தான் அரசுடைமையாகும். என்னைக் கேட்டால், இந்த நிலையில் கடையில் ஒப்படைப்பதே வசதி: பாதுகாப்பும் விற்பனையும் ஒரே இடத்தில் நடக்கும். கருமாதி முடியட்டும் என்று பீரோவிலேயே விட்டுவைத்து, ஆண்டுக்கணக்கில் மறந்துபோன பிறகு விற்க வந்தால், விலையைப் பற்றிப் பேசும் முன் தாமதத்துக்கான விளக்கத்தை எழுத வேண்டியிருக்கும்.

அரசிடம் ஒப்படைத்துவிடுவதில் பணம் இல்லை, தலைவலியும் இல்லை. குழல் கெட்டுப்போன, கட்டை விரிந்த, வாய்வழியாக மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு இதுவே பொருத்தம். அவற்றைக் கடையில் விலை பேசுவது பெட்ரோல் செலவுக்குக்கூடக் காணாது. .303, 9 மில்லிமீட்டர் போன்ற தடை செய்யப்பட்ட வகைகளைச் சாதாரண உரிமதாரருக்கு விற்கவே முடியாது என்பதால், அவை கையில் இருந்தால் நேரே ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு அதன்படி செய்ய வேண்டும். உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி இந்த ஒப்பீட்டில் சேராது. அதை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ முடியாது; தானாக முன்வந்து ஒப்படைக்கச் சொல்லி இந்த மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிக்கும்போது ஊர்ப் பெரியவர்களோடு போய் ஒப்படைப்பதுதான் ஒரே வழி.

காலத்தைப் பற்றியும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், முடிவு வெளியான பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த இடைவெளியில் ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் கோப்பைத் தேடிப் போவதில் பயனில்லை. தனியாள் விற்பனைக்குச் சட்டம் சொல்லும் 45 நாட்களோடு, காவல்துறை அறிக்கைக்கும் அலுவலக நடைமுறைக்கும் ஆகும் நாட்களையும் கூட்டிக்கொண்டு, தேர்தலுக்கு வெகுமுன்னால் தொடங்குபவர்களுக்கே வேலை சுலபமாக முடிகிறது. 45 நாள் கழிந்ததும் தானாக அனுமதி வந்ததாக எடுத்துக்கொள்ளாமல், எழுத்தில் பதில் வரும் வரை பொறுப்பதையே நான் எல்லோருக்கும் சொல்வேன்.

அனுமதி வந்த பிறகு, ஒப்படைப்பைப் பகலில், முடிந்தால் கடையிலோ ஆட்சியர் அலுவலகம் உள்ள ஊரிலோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மீதிப் பணம் கணக்கில் ஏறட்டும். அடுத்து வாங்குபவரின் அசல் உரிமத்தை, முன்பு வாங்கிவைத்த நகலோடும் அவருடைய ஆதாரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப்பித்த தேதி இடையில் முடிந்துபோயிருக்கலாம். பிறகு இருவரும் சேர்ந்து எண்ணைப் படித்து, விற்பனைச் சீட்டில் நேரம் உட்பட எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடுங்கள். காலி செய்து உறையில் போட்ட துப்பாக்கி அதன் பிறகே கைமாற வேண்டும். அன்றோ மறுநாளோ உங்கள் உரிமத்தில் விற்பனையைக் குறித்து வாங்குங்கள்; வேறு துப்பாக்கி வாங்கும் எண்ணம் இல்லையென்றால் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி அதே நாளில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை விற்பனைச் சீட்டோடு சேர்த்து நிலப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். வாங்கியவர் தன் உரிமத்தில் அந்த எண்ணைப் பதிந்துகொண்டாரா என்று இரண்டு வாரம் கழித்து ஒருமுறை கேட்டு, பதிந்த பக்கத்தின் நகலையும் அதோடு சேர்த்துவிட்டால், பிறகு யார் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டியது அத்தனையும் அந்த ஒரே உறைக்குள் இருக்கும்.